தம்பி தெளிவாக இருக்கும் நாளில் எழுதி வைக்க வேண்டிய தாள்கள்: மனநலச் சட்டத்தை வீட்டில் இருப்பவர்கள் கையாளும் முறை

திண்டுக்கல்லில் ஆட்சியர் அலுவலகம் போகும் வழியில் மேசை போட்டு 24 வருடமாக மனு எழுதித் தருகிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எல்லாம் எழுதுவேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் காலை ஏழு மணிக்கே ஆள் வந்துவிடும். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எந்தச் சொல் விட்டுப்போனால் திரும்பி வரும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் 2019-இல் என் தம்பிக்காக ஒரு மனு எழுத உட்கார்ந்தபோது, ‘பெறுநர்’ என்று எழுதிவிட்டு அதற்குக் கீழே யாரைப் போடுவது என்று தெரியாமல் வெகுநேரம் அப்படியே இருந்தேன்.

தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். பாலிடெக்னிக் மூன்றாம் வருடம் படிக்கும்போது ஆரம்பித்தது. 2019-இல் நோய் முற்றியபோது, தெரிந்தவர் சொன்னார் என்று வேறு மாவட்டத்தில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம். மூன்று மாதம் யாரும் வந்து பார்க்கக் கூடாது, போனும் கிடையாது என்றார்கள். அதுதான் முறை போலிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். நான்காவது மாதம் போய்ப் பார்த்தபோது அவன் தலை மொட்டையாக இருந்தது. யாருடைய சட்டையையோ போட்டிருந்தான். “அக்கா, என் கண்ணாடிய வாங்கி வச்சுக்கிட்டாங்க. ரெண்டு மாசமா ஒண்ணுமே தெரியல” என்றான். அன்றே கையோடு அழைத்து வந்துவிட்டேன். விருப்பமில்லாமல் மொட்டை அடித்தது, சொந்தத் துணியைப் பறித்தது, போன் பேச விடாதது, இத்தனையும் சட்டப்படி தவறு என்று பிறகுதான் தெரிந்தது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் ஓர் அம்மா எனக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினார். அவர் படிக்கப் படிக்க நான் குறித்துக்கொண்டதிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

நோய் முற்றிய இரவில் இந்தச் சட்டம் கைகொடுக்க வேண்டுமானால், நோய் தணிந்திருக்கும் பகலில் தாள்களை எழுதி முடித்திருக்க வேண்டும். அடுத்து வரும் எல்லாமே அதற்கான வேலைதான்.

சட்டம் எது, யார் கையில் இருக்கிறது

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 29 மே 2018. அதற்கு முன் 1987-ஆம் வருடச் சட்டம், அதற்கும் முன் 1912-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். பழைய சட்டங்கள் நோயாளியை எங்கே வைப்பது என்று பேசின. இது நோயாளிக்கு என்ன உரிமை என்று பேசுகிறது. மத்திய அரசின் சட்டம்தான், ஆனால் நடத்துவது மாநிலம். நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய இடங்கள் இரண்டு.

ஒன்று, மாநில மனநல ஆணையம். மனநல மருத்துவமனை, மறுவாழ்வு இல்லம், குடிபோதை மீட்பு மையம் எதுவானாலும் இங்கே பதிவு செய்யாமல் நடத்தக் கூடாது. குடி, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறையும் சட்டம் மனநோய் என்றே எடுத்துக்கொள்கிறது. அதனால் “நாங்க டீ-அடிக்‌ஷன் சென்டர், எங்களுக்கு இது பொருந்தாது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டு, மனநல மறுஆய்வு வாரியம். ‘ரிவ்யூ போர்டு’ என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் புரிந்துகொள்வார்கள். மாவட்டங்களுக்கென அமைக்கப்படும் ஆறு பேர் கொண்ட அமைப்பு இது. மாவட்ட நீதிபதி தகுதியுள்ள ஒருவர் தலைவர். ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், இன்னொரு மருத்துவர். மீதி இரண்டு பேர் மனநோயை அனுபவித்தவர்களாகவோ, அவர்களைப் பராமரிப்பவர்களாகவோ, இத்துறைத் தொண்டு நிறுவனத்தவராகவோ இருப்பார்கள். அதாவது நம்மைப் போன்றவர்களுக்கும் அங்கே நாற்காலி உண்டு. ‘பெறுநர்’ என்பதற்குக் கீழே அன்றைக்கு நான் எழுதியிருக்க வேண்டியது இந்த வாரியத்தைத்தான்.

ஏர்வாடியை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 6 ஆகஸ்ட் 2001 அதிகாலை அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். இன்றைய சட்டத்தின் 95-ஆம் பிரிவு, எந்த வகையிலும் எந்த முறையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 28 பேர்தான் கண்ணில் நிற்கிறார்கள்.

முதல் தாள்: நியமனப் பிரதிநிதி

இதிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் இதுதான் எளிது. நோயாளி தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் அவருக்காகப் பேச ஒருவரை அவரே முன்கூட்டி நியமிக்கலாம். பிரிவு 14. முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும் என்று சட்டமே சொல்கிறது. நியமிக்கப்படுபவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன் என்று அவரும் எழுத்தில் தர வேண்டும்.

“நாங்கதான் கூடப் பொறந்தவங்க, எங்களுக்கு எதுக்குத் தாளு?” என்று என் மேசைக்கு வருபவர்கள் கேட்பார்கள். யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர், பிறகு பராமரிப்பவர், பிறகு வாரியம் நியமிப்பவர் என்று சட்டம் வரிசை வைத்திருக்கிறது. ஆனால் உறவினர் என்றால் எந்த உறவினர்? வீட்டில் மூன்று பேர் மூன்று பக்கம் இழுத்தால் டாக்டர் யார் பேச்சைக் கேட்பார்? எங்கள் வீட்டிலேயே பெரியண்ணன் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. தம்பி என் பெயரை எழுதிய பிறகுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது.

நாங்கள் எழுதிய வாசகம் இது:

“நான், (பெயர்), வயது (…), (முகவரி). மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 14-இன்படி என் அக்கா (பெயர்) அவர்களை என் நியமனப் பிரதிநிதியாக என் சொந்த விருப்பத்தின் பேரில் நியமிக்கிறேன். இதற்கு முன் வேறு யாரையும் நியமித்திருந்தால் அது ரத்தாகிறது. நான் விரும்பும்போது இந்த நியமனத்தை மாற்றவோ ரத்து செய்யவோ எனக்கு உரிமை உண்டு என்பதை அறிவேன்.”

கடைசி வாக்கியம் இல்லாவிட்டாலும் தாள் செல்லும். ஆனாலும் விட்டுவிடாதீர்கள். அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் தம்பி பேனாவை வாங்கினான்.

இந்தத் தாள் கையில் இருந்தால் நோய் என்ன, கொடுக்கும் மருந்து என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை வருகிறது. வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தைப் போடும்போது உங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உரிமை மீறப்பட்டால் வாரியத்துக்கு நீங்களே மனு போடலாம். ஆனால் இது அதிகாரப் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று முன்பு சொன்னாரோ அதை மனதில் வைத்துத்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாம் தாள்: முன் அறிவுறுத்தல்

இதற்குத்தான் நேரம் பிடிக்கும். எங்களுக்கு மூன்று சாயங்காலம் ஆனது.

தன் மனநோய்க்கு எப்படி மருத்துவம் பார்க்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று 18 வயது தாண்டிய யாரும் முன்னதாக எழுதி வைக்கலாம். பிரிவு 5. முன்பு நோய் வந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. முடிவெடுக்கும் திறனை அவர் இழக்கும்போது அந்தத் தாள் உயிர்பெறும். திறன் திரும்பியதும் அவர் வாய்ச்சொல்தான் செல்லும். விதிமுறையில் இதற்கென படிவம் இருக்கிறது. அவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டு, வாரியத்தில் பதிவுசெய்ய வேண்டும்.

படிவம் வெறும் கட்டங்கள்தான். அதற்குள் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் சாயங்காலம் தம்பி ஒரே வரிதான் சொன்னான்: “என்னைக் கட்டிப் போடாதீங்க.” அதற்கு மேல் பேச்சு வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. இரண்டாம் நாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், அவனாக வந்து உட்கார்ந்தான். “அந்த ஹாலோபெரிடால் ஊசி போட்டா கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்குது அக்கா, வாயத் தொறக்க முடியல. அத எழுது” என்றான். எனக்கு அது அதுவரை தெரியாது. ஊசி போட்டதும் முரண்டு பிடிக்கிறான் என்றுதான் டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பிறகு அவனுடைய டாக்டரிடம் கேட்டபோது, சிலருக்கு அப்படித் தசை இறுகும், முறிக்க மருந்து உண்டு, வேறு ஊசியும் உண்டு என்றார். அதை அப்படியே எழுதினோம். கடைசியில் அவன் தாளில் இருந்தவை இவை:

ஹாலோபெரிடால் வேண்டாம், ஒத்துக்கொள்ளாது. முன்பு ஒலான்ஸபின் மருந்துக்கு நோய் கேட்டது. கண்ணாடியை எப்போதும் என்னிடமே விட வேண்டும். தலையை மழிக்கக் கூடாது. தினமும் சாயங்காலம் ஒருமுறை அக்காவிடம் போனில் பேச வேண்டும். ராத்திரி முழு இருட்டில் படுக்க வைக்க வேண்டாம். எனக்கு நோய் வருகிறது என்பதற்கு அடையாளம், ரேடியோவைத் துணி போட்டு மூடுவேன். அதைப் பார்த்த அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

ரேடியோ வரிக்கும் சட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்தத் தாளில் எங்களுக்கு அதிகம் பயன்பட்டது அந்த வரிதான். 2022-இல் ஒருநாள் ரேடியோ மேல் துண்டு கிடந்தது. மறுநாளே போய்விட்டோம், படுக்கையில் சேர்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

இந்தத் தாளுக்கு எல்லைகளும் உண்டு. அவசர சிகிச்சைக்கு இது பொருந்தாது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்றால் டாக்டர் 72 மணி நேரம் வரை தேவையானதைச் செய்யலாம். அந்த அவசரத்தைக் காட்டி ஷாக் சிகிச்சை மட்டும் கொடுக்கக் கூடாது. தாளில் எழுதியதைப் பின்பற்ற இயலாது என்று டாக்டரோ உறவினரோ நினைத்தால் வாரியத்திடம்தான் கேட்க வேண்டும், தானாக ஒதுக்கிவிட முடியாது. இன்னொன்று: நகலைக் கொடுக்காவிட்டால் பின்பற்றாததற்கு டாக்டரைக் குறைசொல்ல முடியாது. அதனால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு நகலைக் கொடுத்து, உங்கள் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தாளைக் கொடுத்தால் ஒப்புகை வாங்காமல் நகராதே என்பது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த பாடம்.

கட்டிப் போடுவதைப் பற்றி அவன் முதலில் சொன்ன வரிக்குச் சட்டத்திலேயே காப்பு இருக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் கட்டுப்படுத்தலாம். ஏன், எவ்வளவு நேரம் என்று பதிய வேண்டும். நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறை என்றும் கட்டக் கூடாது.

சேர்க்கும் இடத்தைப் பார்ப்பது

அன்றைக்கு நான் வாசலிலேயே பணத்தைக் கட்டிவிட்டேன். நீங்கள் உள்ளே போய்ப் பாருங்கள். பதிவுச் சான்றிதழ் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அதில் தேதியைப் படியுங்கள், தற்காலிகப் பதிவு 12 மாதத்துக்குத்தான். பக்கத்திலேயே மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்க வேண்டும். வாரியத்துக்கு மனு போடப் படிவம் கொடுப்பதும், இலவசமாகப் போன் பேச விடுவதும் அவர்கள் கடமை. நான் இப்போது எந்த இல்லத்துக்குப் போனாலும் முதலில் இந்த இரண்டாவது பலகையைத்தான் தேடுகிறேன். சான்றிதழை நகல் எடுத்துக்கூட மாட்டிவிடலாம். புகார் சொல்லும் எண்ணைத் தானே எழுதி வைக்கிற இடத்துக்குத்தான் பயம் இருக்காது. “மூணு மாசம் பாக்க வரக் கூடாது” என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பார்க்க வருபவரை ஏற்பதும் மறுப்பதும், போனும் கடிதமும் நோயாளியின் உரிமை, பிரிவு 26.

அடுத்து, ஆட்கள். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு போட்டிருந்தால் ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், 1992-ஆம் வருடச் சட்டப்படி அந்தப் பதிவேட்டை வைத்திருக்கிறது. உளவியலில் முதுகலை மட்டும் படித்தவரை இந்தச் சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று ஏற்காது. நோயாளிகளோடு மேற்பார்வையில் பயிற்சி பெற்ற இரண்டு வருட எம்.ஃபில். போன்ற படிப்பும் அந்தப் பதிவும் வேண்டும். பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதையும் பாருங்கள். சித்தாவில் சிறப்பு மருத்துவம் மேற்படிப்பு படித்தவரையும் இச்சட்டம் மனநலத் தொழிலராக ஏற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கவுன்சிலர், பிற உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர் போன்றோரைப் பதிவுக்குள் கொண்டுவர 2021-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. மாநிலந்தோறும் கவுன்சில் அமைத்துப் பதிவேடு வைக்கச் சொல்கிறது அது.

படிப்பை ஏன் இவ்வளவு துருவுகிறேன் என்றால், கவுன்சிலிங் கொடுத்த ஒருவர் “மாத்திரையெல்லாம் அடிமையாக்கிடும், விட்ருங்க” என்று சொல்லி, தம்பியும் விட்டுவிட்டான். மூன்றாவது வாரம் அவன் ராத்திரி தூங்கவே இல்லை. நாங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. பேச்சு வழி சிகிச்சை பெரிய உதவி, இன்றைக்கும் தம்பி போகிறான். ஆனால் தன் துறைக்கு உட்படாத மருந்தையோ சிகிச்சையையோ எந்த மனநலத் தொழிலரும் பரிந்துரைக்கக் கூடாது என்று பிரிவு 106 சொல்கிறது. மருந்தைக் கூட்டுவதும் நிறுத்துவதும் மருந்து எழுதியவரின் வேலை.

சேர்த்த பிறகு காலண்டரில் குறிக்க வேண்டியவை

சேர்ப்பது இரண்டு வகை. நோயாளி தானாகச் சம்மதித்துச் சேர்ந்தால் அவர் கேட்டதும் விட வேண்டும். ஆபத்தான நிலை என்று தோன்றினால் மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் மட்டும் நிறுத்தி வைக்கலாம். முடிந்தவரை இந்த வகையிலேயே சேர்க்கப் பாருங்கள்.

அவரால் முடிவெடுக்க முடியாத நிலை, கூடவே தனக்கோ பிறருக்கோ ஆபத்து அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ளவே முடியாத அளவு மோசம் என்றால், நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்துச் சேர்ப்பது இரண்டாவது வகை, பிரிவு 89. இதில்தான் நாள் கணக்கு. எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் சேர்த்த தேதியைச் சிவப்பில் வட்டம் போட்டு, அங்கிருந்து எண்ணுவேன்.

சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். “இந்தச் சேர்க்கைக்குப் பரிசோதித்த இரண்டாவது ஆள் யார்?” என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. ஆண் என்றால் 7 நாளுக்குள், பெண் என்றாலோ 18 வயது நிரம்பாதவர் என்றாலோ 3 நாளுக்குள் வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சம்மதம் சொல்லும் திறன் வந்துவிட்டதா என்று ஒவ்வொரு 7 நாளும் பார்க்க வேண்டும். 30-ஆவது நாள் முடிவு. அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் இரண்டு மனநல மருத்துவர்கள் தனித்தனியே பார்க்க வேண்டும், வாரியத்தின் அனுமதியும் வேண்டும். அந்த அனுமதியும் முதலில் 90 நாள் வரைதான், அடுத்து 120, அதன்பின் ஒவ்வொரு முறையும் 180. அனுப்பிவிட்டு ஏழு நாளுக்குள் மறுபடி சேர்த்துக்கொண்டால் கணக்கு புதிதாக ஆரம்பிக்காது, 30 நாள் தாண்டியவருக்கான கடும் நடைமுறையே பொருந்தும்.

18 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு விதிகள் இன்னும் இறுக்கம். பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, பெற்றோரோ பிரதிநிதியோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ முழு நேரமும் கூட இருக்க வேண்டும்.

தவறு நடந்தால் மனு

முதலில் அந்த இடத்தின் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்தில் கொடுங்கள். தீரவில்லை என்றால் வாரியத்துக்கு. கட்டணம் கிடையாது. சேர்க்கப்பட்டிருப்பவர், விசேஷ நிலைமையில், போனில் வாய்மொழியாகச் சொன்னாலும் வாரியம் ஏற்கலாம். பிரிவு 89-இன்படி சேர்த்ததை எதிர்த்து வரும் மனுவை 7 நாளுக்குள் முடிக்க வேண்டும். உரிமை மீறல், சிகிச்சைக் குறைபாடு பற்றிய மனுக்களுக்கு 90 நாள் வரை அவகாசம். வாரியத்தின் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் உயர்நீதிமன்றம் போகலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். மனநோய் உள்ளவருக்கு இலவச சட்ட உதவி பிரிவு 27-இல் உரிமையாகவே இருக்கிறது. பதிவே இல்லாத இடம் என்றால் புகார் மாநில மனநல ஆணையத்துக்குப் போக வேண்டும். முதல் முறைக்கே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மறுபடி செய்தால் 5 லட்சம் வரை ஏறும்.

மனுவை எப்படி எழுதுவது என்று என் தொழில்முறையில் சொல்கிறேன். கோபம் எவ்வளவு இருந்தாலும் முதல் பக்கத்தில் அது வேண்டாம். ‘மனிதாபிமானமற்ற முறையில் கொடுமைப்படுத்தினர்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ‘12-ஆம் தேதி காலை அவருடைய விருப்பத்துக்கு மாறாகத் தலை மழிக்கப்பட்டது. பிரிவு 20 இதைத் தடைசெய்கிறது’ என்று எழுதினால் அந்த வரிக்கு யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும். தேதி, நடந்தது, பிரிவு: ஒரு வரிக்கு ஒன்று. பொருள் வரியில் சேர்த்த தேதியையும் எந்தப் பிரிவில் சேர்த்தார்கள் என்பதையும் எழுதுங்கள். கடைசியில் என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். ‘தக்க நடவடிக்கை எடுக்க’ என்று முடிக்காதீர்கள், அதற்கு எந்தப் பதிலும் தக்க பதிலாகிவிடும். ‘தினமும் போன் பேச அனுமதிக்க உத்தரவிட’, ‘சேர்க்கையை மறுஆய்வு செய்து விடுவிக்க’ என்று கேளுங்கள். நியமனப் பிரதிநிதித் தாளின் நகலை இணையுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையை மனு நகலோடு குத்தி வையுங்கள்.

காவல் நிலையம், தற்கொலை முயற்சி

வழிதவறி அலைபவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுக்கலாம், ஆனால் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு மதிப்பீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், பிரிவு 100. தம்பி சட்டைப்பையில் என் போன் எண்ணோடு இந்தப் பிரிவை எழுதிய ஒரு சின்ன அட்டையும் இருக்கும்.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் கொள்கிறது, பிரிவு 115. அவருக்குத் தர வேண்டியது சிகிச்சையும் மறுவாழ்வும். 1 ஜூலை 2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரைத் தன் கடமையில் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு தற்கொலைக்கு முயல்வது மட்டும் குற்றமாக இருக்கிறது. கேஸ் வந்துவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதிக்காதீர்கள். பேச ஆள் வேண்டும் என்றால் 14416, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

பணம், பதிவேடு

அரசு மருத்துவமனைகளில், சமுதாய சுகாதார நிலையம் முதற்கொண்டு, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் இலவசம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர், வீடற்றவர், ஆதரவற்றவர் ஆகியோருக்கு அரசு நடத்தும் இடங்களில் சிகிச்சையே இலவசம். உடல்நோய்க்குக் காப்பீடு தருகிற நிறுவனம் மனநோய்க்கும் அதே அடிப்படையில் தர வேண்டும். ஆகஸ்ட் 2018-இலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் இதை நினைவூட்டிச் சுற்றறிக்கை அனுப்பியது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள்.

உள்நோயாளியாக இருந்த காலத்தின் அடிப்படை மருத்துவப் பதிவேட்டை எழுதிக் கேட்டால் 15 நாளுக்குள் தர வேண்டும். ஒவ்வொரு முறை வீடு திரும்பும்போதும் கேட்டு வாங்குங்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்கும், புது டாக்டருக்கும், வாரிய மனுவுக்கும் இதுதான் ஆதாரம்.

எங்கள் வீட்டில் எல்லாம் ஒரு நீல நிற ஃபைலில், பீரோவில் இல்லாமல் வாசல் ஜன்னல் திண்டில் இருக்கும். ராத்திரி கிளம்ப வேண்டி வந்தால் பீரோ சாவியைத் தேடக் கூடாது என்பது தம்பி சொன்ன யோசனை. போன மாதம் அவன், “அக்கா, இருட்டுல படுக்க வேணாம்னு எழுதினோமே, இப்ப அது பழகிருச்சு, எடுத்துரலாம்” என்றான். முன் அறிவுறுத்தலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். புதிதாக எழுதி, இரண்டு சாட்சிகளை மறுபடி கூப்பிட்டு, வாரியத்துக்கு அனுப்பினோம். டாக்டரிடம் இருந்த பழைய நகலைக் கேட்டு வாங்கி, குறுக்கே கோடு போட்டு ‘ரத்து’ என்று தேதியோடு எழுதினான். இரண்டு நகல் வெவ்வேறு இடத்தில் இருந்தால் குழப்பம் வரும். நீங்களும் பழையதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.